கடைசிப் பந்தி

எங்கள் சபைக்குள் நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டு, நெஞ்சில் கை வைக்கச் சொல்லி வாங்கிய சத்தியம். ஆனால் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அதனால் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெரு. கீழே டியூஷன் சென்டர், மாடியில் எங்கள் கூடம். மாடிப்படியில் செருப்பு குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் முதலில் எங்களைச் சீட்டுக் கம்பெனி என்று நினைத்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டதும் பில்லி சூனியம் என்று முடிவு கட்டினார்கள். டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் எங்களைப் படியில் கண்டால் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். உள்ளே இருப்பதோ முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிற பென்ஷன்காரர்களும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காத உத்தியோகக்காரர்களும். எங்களை வைத்துக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட மந்திரிக்க முடியாது.

சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று வருடத்துக்கு நான்கு கூடுகைகள். பருவம் மாறும்போது மனிதனும் தன்னை ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சபையின் கொள்கை. கூடத்துக்குள் யாருக்கும் பெயர் கிடையாது. எல்லாரும் சகோதரர். பெண்களான நாங்கள் நாலைந்து பேரும் சகோதரர்கள்தான். சகோதரி என்றொரு சொல் இருப்பது சபையை ஆரம்பித்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. பதவி இருந்தால் பதவிப் பெயர். நான் மூன்று வருடம் தலைவர்.

தலைவர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. முன்பிருந்த தலைவர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போனார். ஆசனத்துக்கு யார் வருகிறீர்கள் என்று மரபுப்படி மூன்று முறை கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல் நான் கையைத் தூக்கிவிட்டேன். எனக்கு எப்போதுமே அவசரப் புத்தி. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருடம் யாரும் தொடாத ஃபைல்களெல்லாம் என் மேசைக்கு வந்தது இந்தக் கையால்தான்.

ஆசனம் கிழக்குப் பார்த்த சுவரில், இரண்டு படி உயரத்தில். அதில் உட்கார்ந்தவரிடம் யாரும் நேராக நடந்து வரக் கூடாது, சுற்றி வந்து பக்கவாட்டில் நின்றுதான் பேச வேண்டும். விழா முடிந்த பிறகு இந்த விதி கிடையாது. ஆனாலும் ஜனங்கள் சுற்றியே வந்தார்கள். அதற்கு முன்னால், "இன்னா மேடம், புதுப் புடவையா? எந்தக் கடை?" என்று கேட்டவர்கள் எல்லாம், நான் பக்கத்தில் போனதும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். ஒருவர் பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று சொன்னேன். நான் நகர்கிற வரைக்கும் அவர் உட்காரவில்லை.

அப்போது எனக்கு அம்மா போய் இரண்டு வருடம். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுமில்லை, வீட்டில் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். ஆபீஸ் இருந்தவரை தெரியவில்லை. ரிட்டயர் ஆன பிறகு, காலையில் பால் பாக்கெட் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசினால் மறுநாள் காலையில் அவரிடமே அடுத்த வார்த்தை. சில நாள் சாயங்காலம் போன் வந்து "ஹலோ" என்று சொல்லும்போது தொண்டை கரகரக்கும், அன்றைக்கு அதுதான் முதல் பேச்சாக இருக்கும். தனிமை பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன்.

விழா நடக்கும்போது கூடத்துக் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவர் காவலர். கையில் மரத்தால் செய்த வாள். வருகிறவர்கள் அந்தப் பருவத்துக்கான ரகசியச் சொல்லை அவர் காதில் சொன்னால்தான் உள்ளே விடுவார். எங்கள் காவலர் தாம்பரம் மார்க்கெட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், என் வயதுக்காரர். ரயில்வேயில் ரிட்டயரான சகோதரர் ஒருவருக்கு எந்தப் பருவத்துச் சொல்லும் நினைவில் நிற்காது. காவலரே அவர் காதில் குனிந்து சொல்லைச் சொல்லிவிட்டு, "ஆங், கரெக்டா சொன்னீங்க, உள்ள போங்க" என்று கதவைத் திறந்துவிடுவார். சபையின் ரகசியம் இத்தனை காலம் காப்பாற்றப்பட்டது இப்படித்தான்.

விழா முடிந்ததும் பின்னறையில் நீள மேசைகளில் இலை போடுவார்கள். சேலையூரிலிருந்து ஒரு கேட்டரிங்காரர் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பரிமாற வேண்டியது தலைவர். அத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தலைவரும் காவலரும் மட்டும் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தலைமை பசித்திருக்க வேண்டும், வாசல் விழித்திருக்க வேண்டும், அதுதான் மரபு. பந்திக்கு முந்து என்று ஊரெல்லாம் சொல்லுகிறது. எங்கள் சபையில் இரண்டு பேருக்கு மட்டும் அந்தப் பழமொழி செல்லாது.

நான் தலைவரான தை மாதம், முதல் கடைசிப் பந்தி. எல்லாரும் ஏப்பம் விட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். சாம்பார் ஆறிப்போய், அப்பளம் நமுத்துப்போய் இருந்தது. அவர் உள்ளே வந்து வாளை மூலையில் சாத்தினார், கை கழுவினார், எதிரே உட்கார்ந்தார். நான் இரண்டு இலையிலும் சாதம் போட்டேன். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

"வூட்ல யார் கீறாங்க மேடம்?"

"யாரும் இல்ல."

"டி.வி. கீதா?"

"இருக்கு."

"அப்ப பேசறதுக்கு ஆளு கீது. நம்ம பேசறதக் கேக்கத்தான் ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டார்.

நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நாற்பது வயதுக்கு மேல் கடைக்கு வருகிற எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்களாம், "எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, இப்பல்லாம் எழுத்தைப் பொடிசா அடிக்கிறான்" என்று. கூடத்துக்கு உள்ளே இருமுவது யார் என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார். வேகவேகமாகச் சாப்பிடுவார். நான் இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்வதற்குள் மோருக்கு வந்துவிடுவார். ரசித்துச் சாப்பிடுகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் சித்திரைக் கூடுகை நோன்பு மாதத்தில் வந்தது. அன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது வெயில் இறங்கவில்லை. அவர் நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. "நீங்க சாப்பிடுங்க மேடம், எனக்காக இன்னாத்துக்கு" என்றார். விதிப்படி இருவரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். விதியை நான் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான். இரண்டு இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது, கீழே டியூஷன் விட்டு சைக்கிள்கள் போயின. மார்க்கெட் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் வந்ததும் அவர் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று நீட்டினார். பிறகு ஒரு தூக்கைத் திறந்தார். நோன்புக் கஞ்சி.

"உங்களுக்கோசரம் கறி போடாம காய்ச்சச் சொன்னேன். மருமக கேக்குது, யாரு மாமா அதுன்னு. எங்க அக்கா ஒருத்தங்கன்னு சொல்லிட்டேன்."

மேடம் போய் அக்கா வந்தது அன்றைக்குத்தான். எனக்குத் தம்பி தங்கை கிடையாது, என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் காய்கறிக் கடையில்தான் உண்டு. கஞ்சி சூடாக இருந்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அதன் பிறகு என் வருடம் நான்கு நாட்களாகச் சுருங்கிவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் நிஜம். பஸ்ஸில் எதையாவது பார்த்தால், இதை ஆடியில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து ஃபிளாட்டுக்காரர் அவர் வீட்டுக் கிளியைத் திட்டுவதை ஐப்பசிக்கென்று எடுத்து வைத்தேன். சபையில் ஒளி, தேடல் என்றெல்லாம் நான் ஆசனத்திலிருந்து சொல்ல வேண்டிய வசனங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மனசு பின்னறையில் இருக்கும். ஆசனத்தில் இருப்பவருக்கு அழகில்லை. என்ன செய்வது?

மூன்று மாதம் எதற்குக் காத்திருக்க வேண்டும், நேராகக் கடைக்கே போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு நாள் கண்ணாடி மாற்றுகிற சாக்கில் போனேன். சபைக்காரர்கள் வெளியில் ஒருவரையொருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது என்பது விதி. "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். அவருடைய மகன் எனக்குக் கண் பரிசோதித்தார். காவலர் நாலு ஃபிரேமை எடுத்து வைத்து, இது முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். கடையில் கூட்டம் இருந்தது, யாரோ மூக்குத் தாங்கி உடைந்துவிட்டதென்று நின்றார்கள். கிளி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தில் அது வெளியே வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

ஆகவே ஆசனம் வேண்டும். கடைசிப் பந்தி வேண்டுமென்றால் ஆசனத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு ஐப்பசியிலும், அடுத்த தைக்கு ஆசனத்தில் அமர யார் வருகிறீர்கள் என்று தலைவர் மூன்று முறை கேட்க வேண்டும். இதைச் சொல்வதில் சத்தியத்தில் ஒரு கீறல் விழுகிறது, விழட்டும். முதல் வருடம் கேட்டேன், தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது வருடமும் பார்த்தார்கள். பாவம், இந்த அம்மா தலையிலேயே எல்லாம் விழுகிறது என்று இரங்கினார்கள். நானும் முகத்தை அதற்குத் தக்கபடி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தனியாகப் பாயசம் வைத்துக் குடித்தேன்.

மூன்றாவது ஐப்பசி போன வருடம். விடாத மழை. சேலையூர்ப் பக்கம் தண்ணீர் தேங்கி, சாப்பாடு வருமா என்றே சந்தேகம். வந்திருந்தவர்களே குறைவு. முதல் முறை கேட்டேன். இரண்டாவது முறை கேட்டேன். மூன்றாவது முறையைக் கொஞ்சம் வேகமாகவே கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

செம்பாக்கத்தில் குடியிருக்கிற, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற சகோதரர். சபைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. குறை சொல்ல முடியாத மனிதர், யாருக்கு வண்டி இல்லையென்றாலும் தன் காரில் கொண்டுபோய் விடுவார். அந்த நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. பக்குவம் போதாது, இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று சொல்லத் தலைவருக்கு உரிமை உண்டு. நாக்கு நுனிவரை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஆள் முகத்தில் நிம்மதி, எனக்காகச் சந்தோஷப்படுகிறார்கள். "சபை மகிழ்கிறது" என்று நான் சொல்ல வேண்டிய வசனத்தைச் சொன்னேன்.

அன்றைக்குக் கடைசிப் பந்தியில் காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். கதவுக்கு வெளியே நின்று அவர் முன்பே கேட்டுவிட்டிருந்தார்.

"விடுங்கக்கா, மூணு வருசம் சொமந்தீங்க. இனிமே ஜாலியா சாப்ட்டுப் போங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னா? யாரு வந்தாலும் கதவு அதே கதவுதான்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தைவரை அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். பரிமாறப் புதுத் தலைவருக்குப் பழக்கம் இருக்காது, கூட ஒருவர் உதவிக்கு இருக்கலாம், உதவிக்கு இருப்பவரும் கடைசிப் பந்தியில்தானே உட்கார வேண்டும்? மூன்று பேராக உட்காரலாம். மூன்றாவது ஆள் இருந்தால் பேச்சு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. விழா முடிந்ததும் புதுத் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, மரபு அது இது என்று சொல்லிக் கேட்டுவிடுவதென்று தீர்மானித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று சமையலறையில் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன்.

தைக் கூடுகையில் ஆசனத்தை ஒப்படைத்தேன். என் தோளில் இருந்த வெள்ளைச் சால்வையை அவர் தோளில் போட்டேன். படியிறங்கும்போது யாரோ முழங்கை பிடித்தார்கள். விழா முடிந்து எல்லாரும் பின்னறைக்கு வந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் வாசனை. நான் அவரைத் தேடிப் போவதற்குள் புதுத் தலைவரே கை தட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

"ஒரு சின்ன மாற்றம். இனிமே எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். கேட்டரிங்லயே பரிமாற ஆள் சொல்லியிருக்கேன். காவலர் சார் அவ்வளவு நேரம் நின்னுட்டு, அதுக்கப்புறமும் காத்திருந்து சாப்பிடறது எனக்கு ரொம்ப நாளா மனசுக்குச் சரியாப் படல."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வெளிக்கதவைச் சாத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த காவலருக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வாளைக் கையில் வைத்துக்கொண்டே கும்பிட்டார்.

"நீ நல்லாருப்ப சார். சுகர் வந்து ரெண்டு வருசமாவுது. நின்னுகினே இருந்தா கண்ணு இருட்டிகினு வரும். பாக்கெட்ல பிஸ்கட்டு வச்சிகினுதான் ஓட்டுனேன். யார்கிட்ட சொல்றதுன்னு கம்முனு இருந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அடடா, சொல்லியிருக்கலாமே என்றார் ரயில்வேக்காரர்.

யாரிடம் சொல்வது என்று இருந்தாராம். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கை தூரம்கூட இல்லை. என் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் பசியில் கண் இருட்ட நின்றுவிட்டு வந்து, அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, என் பேச்சு முடிந்து நான் இலையை மூடுவதற்காகக் காத்திருந்திருக்கிறார். தலைவர் எழுந்திருக்கும்வரை காவலர் எழுந்திருக்கக் கூடாது, அதுவும் விதி. வாயில் அக்கா என்று கூப்பிட்டாலும் அவருக்கு எதிரே இருந்தது ஆசனம்தான். ஆசனத்திடம் யாராவது பசிக்கிறதென்று சொல்வார்களா?

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, புதுத் தலைவர் மேலும் இல்லை. அந்த மனிதர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்ததை, நான் எதிரில் உட்கார்ந்து பார்க்கவில்லையே என்று வந்தது.

காவலர் கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்து, "கோச்சுக்காதீங்கக்கா, உங்கள ஒண்ணும் சொல்லல, ரூலு அப்படி" என்றார்.

"சேச்சே, நல்லதுதானே. முதல்ல உக்காருங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் வாளைச் சாத்திவிட்டு மேசையின் நடுவில் போய் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் முதல் கரண்டிப் பொங்கலை அவர் இலையில் போடப்போக, அவர் கையை நீட்டித் தடுத்துச் சாதம் கேட்டார். மெதுவாகச் சாப்பிட்டார். அவர் மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

நான் குழாயடிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, கை சுத்தமான பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் அவர் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பது கேட்டது. முகத்தையும் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அதற்குள் அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.